லீட் கிட்டாருக்கு டிலே பெடல்: மண்டபம், சர்ச், திருவிழா மேடை மூன்றுக்கும் எது ஒத்துவரும்?

ஆறுகம்பி_காட்பாடி

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் இருக்கிறேன். வேலை நேரம் போக ஒரு இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் பாடகர் குழுவோடு வாசிப்பு. கையில் இருப்பது ஸ்ட்ராட் மாடல் கிட்டார் ஒன்று, ஒரு ஓவர்டிரைவ் பெடல் (சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்குவது), வீட்டில் பழகுவதற்குச் சின்ன ஆம்ப். மேடைக்கு ஆம்ப் எடுத்துப் போவதில்லை, அங்கே கேபிளை வாங்கி நேராக மிக்ஸரில் செருகிவிடுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், எண்பதுகளின் பாட்டுகளில் இடையிசையில் வரும் கிட்டார் பிட்டுகளை நான் வாசித்தால் சத்தம் மொட்டையாக வந்து நின்றுவிடுகிறது. ரெக்கார்டிங்கில் அதே நாலு ஸ்வரம் அப்படியே மிதந்து போகிறது. டிலே (வாசித்த ஸ்வரத்தைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்க வைக்கும் பெடல்) இல்லாததுதான் காரணம் என்று எங்கள் கீபோர்டு அண்ணன் சொல்கிறார். இணையத்தில் தேடினால் ஒருவர் அனலாக் மட்டும்தான் வாங்கணும் என்கிறார், இன்னொருவர் டிஜிட்டல்தான் சுத்தம் என்கிறார், மூன்றாமவர் டேப் எக்கோ (காந்த நாடாவில் ஓடும் பழைய எக்கோ கருவி) மாதிரி வராது என்று முடித்துவிடுகிறார். பட்ஜெட் ஏழாயிரம், இழுத்துப் பிடித்தால் எட்டு. ஆடிக் கிருத்திகைக்குள் வாங்கிப் பழகிவிட வேண்டும், அந்த வாரம் எங்களுக்கு மேடை மேல் மேடை. எதை வாங்கலாம்?

வாலாஜா_பழைய_பிளேயர்

தம்பி, அனலாக்கா டிஜிட்டலா என்ற சண்டையை ஓரமாக வையுங்கள், முதலில் நீங்கள் எந்த இடத்தில் நின்று வாசிக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபம் எப்படி இருக்கும்? தரையில் டைல்ஸ், சுவரில் பெயிண்ட், மேலே கான்கிரீட், திரைச்சீலை என்று பெயருக்கு ரெண்டு. மேடையிலிருந்து பின்சுவர் முப்பது மீட்டர் என்றால், உங்கள் சத்தம் போய் அடித்துத் திரும்ப அறுபது மீட்டர், ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஆக ஏறக்குறைய 175 மில்லி செகண்டில் ஒரு எக்கோ உங்கள் காதுக்கு இலவசமாகவே வருகிறது. அதன்மேல் நீங்கள் பெடலில் நாலைந்து ரிப்பீட் (திரும்பி வரும் ஒலி) வைத்தால் கேட்கிறவனுக்கு ஸ்வரமே புரியாது. உயரமான கூரை உள்ள பழைய சர்ச்சில் இன்னும் மோசம், அங்கே ஒரு கார்டு அடித்துவிட்டு நிறுத்தினாலே அது மெதுவாகத்தான் இறங்கிவரும்.

வெட்டவெளித் திருவிழா மேடை இதற்கு நேர் எதிர். ரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம் திறந்த இடத்தில் வாசித்தால் சத்தம் போனது போனதுதான், எதுவும் திரும்பாது, அங்கே டிலே இல்லாமல் லீட் வாசிப்பது ரொம்ப வறட்சி.

அதனால் பெடலில் நான் பார்ப்பது மூன்று விஷயம். அசலோடு ரிப்பீட் எவ்வளவு கலக்கிறது என்பதை வைக்கிற மிக்ஸ் குமிழ் (சிலதில் லெவல் என்று போட்டிருக்கும்) மெதுவாக, நுணுக்கமாகத் திரும்ப வேண்டும், கொஞ்சம் தொட்டதும் எகிறினால் வேண்டாம். ரிப்பீட்டுகள் மங்கலாக வர வேண்டும், அல்லது மங்கலாக்க ஒரு டோன் குமிழ் இருக்க வேண்டும், ஏனென்றால் ரிப்பீட்டும் அசலைப் போலவே பளிச்சென்று இருந்தால் பாடகர் குரலோடு மோதும். அப்புறம் டாப் டெம்போ, காலால் தட்டி வேகத்தைச் சொல்கிற வசதி. கிளிக் (காதில் தாளம் தட்டும் மெட்ரோனோம்) இல்லாமல் வாசிக்கிற குழுவில் மூன்றாவது சரணத்துக்குள் ட்ரம்ஸ் வேகம் ஏறிவிடும், நீங்கள் தொடக்கத்தில் வைத்த டைம் அங்கே உதவாது.

மண்டபத்தில் 100லிருந்து 140 மில்லி செகண்டுக்குள், ஒன்று அல்லது ரெண்டு ரிப்பீட், மிக்ஸ் கால்வாசிக்குக் கீழே. மைதானத்தில் 350, 400, மூன்று ரிப்பீட். இந்த ரெண்டு செட்டிங்கை ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சில்லு_சத்துவாச்சாரி

மேலே அண்ணன் சண்டையை ஓரமாக வைக்கச் சொன்னார், நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள், அதனால் கொஞ்சம் அந்தச் சண்டைக்குள் போகிறேன், மன்னிக்கவும். உங்கள் பட்ஜெட்டில் 'அனலாக்' என்று பெட்டியில் போட்டு வருவதில் நிறைய அனலாக்கே இல்லை, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உண்மையான அனலாக் டிலேயில் இருப்பது பக்கெட் பிரிகேட் சில்லு. 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. தீப்பிடித்தால் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுவது மாதிரி, சிக்னலைச் சின்னச் சின்ன மின்னூட்டமாக்கி ஆயிரக்கணக்கான கெப்பாசிட்டர் வழியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும், பெயரே அதனால்தான். எம்என்3005 என்ற பிரபல சில்லில் 4096 நிலைகள். கைமாற்றும் வேகத்தை வைக்கிற கிளாக் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுமார் 205 மில்லி செகண்ட் தாமதம். இன்னும் நீளமாக வேண்டுமென்றால் கிளாக்கை மெதுவாக்க வேண்டும், மெதுவாக்கினால் கிளாக்கின் கீச்சு சத்தம் காதுக்குக் கேட்கிற எல்லைக்குள் வந்துவிடும், அதை மறைக்க ஃபில்டர் போட்டு மேல் அதிர்வெண்களை வெட்டுவார்கள். எல்லோரும் 'வார்ம்' 'வார்ம்' என்று புகழ்கிறார்களே அந்த மங்கல், அது இந்த வெட்டுதான். 1981இல் வந்த பாஸ் டிஎம்-2 அதிகபட்சம் 300 மில்லி செகண்டோடு நின்றதற்கும் இதுதான் காரணம்.

விலை குறைந்த பெடல்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது பிடி2399. இது டிஜிட்டல் சில்லு, ஐந்து வோல்ட்டில் ஓடும், சிக்னலை எண்ணாக்கி உள்ளே இருக்கிற சின்ன மெமரியில் வைத்துத் திருப்பித் தரும். முதலில் கரோக்கி எக்கோவுக்காக வந்தது. சென்னை ரிச்சி தெருவில் மைக் ஆம்ப்ளிஃபயருக்கு எக்கோ போர்டு என்று விற்கிறார்களே, அதைத் திருப்பிப் பாருங்கள், இதே சில்லு உட்கார்ந்திருக்கும். சுமார் 340 மில்லி செகண்ட் வரை நன்றாக இருக்கும், அதைத் தாண்டி இழுத்தால் ரிப்பீட்டில் கரகரப்பு வரும். விளம்பரத்தில் 600 என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் கடைசிக் கால்பகுதியை யாரும் தொட மாட்டார்கள்.

இதைச் சொல்வது அந்தப் பெடல்கள் மட்டம் என்பதற்காக இல்லை. எனக்கு பிடி2399 சத்தம் பிடிக்கும், மங்கலாக, கொஞ்சம் அழுக்காக, பாட்டுக்குப் பின்னால் நன்றாக உட்காரும். ஆனால் அனலாக் என்று எழுதிய ஒரே காரணத்துக்காகக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை_ராகம்

எல்லாம் சரி, ஆனால் எட்டாயிரத்துக்குள் சமாளிக்கிறேன் என்று ஒன்று வாங்கி, அடுத்த வருடம் இன்னொன்று வாங்கி, கடைசியில் எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பிதான் வாங்குவீர்கள். எல்லோரும் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். அசல் பக்கெட் பிரிகேட், 600 மில்லி செகண்ட் வரை போகும், மூன்று குமிழ், ஒரு மாடுலேஷன் பட்டன், வேறு தொல்லை இல்லை. புதிது பட்ஜெட்டுக்கு மேலே, ஆனால் பெங்களூரு, சென்னை ஆட்கள் பழையதை அடிக்கடி விற்கிறார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். அதில் டாப் டெம்போ கிடையாது, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மிக்ஸைக் குறைவாக வைத்தால் டைம் கச்சிதமாக இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

வாலாஜா_பழைய_பிளேயர்

யாருக்கும் தெரியாது என்றால் எதற்கு ராகம், அவ்வளவு காசு கொடுத்து வாங்கணும்?

ராணிப்பேட்டை_ராகம்

வாசிக்கிற எனக்குத் தெரியுமே அண்ணா. கை அதைக் கேட்டுத்தான் வாசிக்கிறது.

குடியாத்தம்_மைக்செட்

நான் வாசிக்கிற ஆள் இல்லை, மிக்ஸருக்குப் பின்னால் உட்காருகிற ஆள். கெங்கையம்மன் சிரசு திருவிழா நேரத்தில் எங்கள் பக்கத்து மேடைகளில் எத்தனை கிட்டார் வந்து போகிறது என்று சொல்லி மாளாது, அதில் பாதி என் கையில் குளவி சத்தமாகத்தான் வந்து சேரும். அதனால் கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பிரச்சினை டிலே இல்லாதது மட்டும் இல்லை. ஓவர்டிரைவிலிருந்து நேராக மிக்ஸருக்கு வருகிறீர்கள். கிட்டார் ஆம்பில் இருக்கிற ஸ்பீக்கர் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் வெளியே விடாது, அதனால்தான் ஓவர்டிரைவ் அங்கே இனிமையாகக் கேட்கிறது. என் மேடை ஸ்பீக்கரில் ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கிறது, அந்த மேல் குப்பை முழுவதையும் அது அப்படியே துப்பும். இதன்மேல் டிலே போட்டால் என்ன ஆகும், குப்பை மூன்று முறை திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஆம்ப் இல்லாமல் மேடைக்கு வருகிறவர்கள் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல மேல் சத்தத்தை வெட்டுவது) உள்ள ஏதாவது ஒன்றை வழியில் வைத்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் தனி டிலே பெடலைவிட ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒரு சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் உங்களுக்குச் சரி. ஆம்ப் மாடல், கேபினெட், டிலே, ரிவர்ப் எல்லாம் ஒரே பெட்டியில், டாப் டெம்போவும் உண்டு. பெரிய டோன் பிரியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் சில விஷயங்கள், பெடல் எதுவானாலும்.

மிக்ஸர்காரரிடம் 'என் சேனலுக்கு எக்கோ வேண்டாம் அண்ணா' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடகருக்குப் போட்ட எக்கோவைப் பழக்கதோஷத்தில் எல்லாச் சேனலுக்கும் ஏற்றிவிடுவார்கள், ரெண்டு எக்கோவும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

கேபிள் நீளமாக இருந்தால் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நீளமான கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) கேளுங்கள். கிட்டார் கேபிளை முப்பது அடிக்கு மேல் இழுத்து மிக்ஸர் வரை கொண்டுவந்தால் மேல் சத்தம் செத்துப்போகும், சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் சேர்ந்து இரைச்சலைக் கொடுக்கும்.

எர்த். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். மேடை வயரிங்கில் எர்த் சரியில்லாமல் இருந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். கோரஸ் பாடுகிற கிட்டாரிஸ்ட் என்றால் வாசிக்க ஆரம்பிக்கும் முன் மைக் கிரில்லை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் போகும் என்று யாராவது மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைக்கச் சொன்னால் அந்த ஆளைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

சில்லு_சத்துவாச்சாரி

மைக்செட் அண்ணன் சொன்ன கேபினெட் விஷயத்தை வழிமொழிகிறேன். அடாப்டர் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். கிட்டார் பெடல்களுக்குப் பொதுவாக 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் இன்டர்நெட் ரவுட்டர் அடாப்டர் பலதும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். பின் அளவு ஒன்றாகத்தான் இருக்கும், செருகினால் உள்ளே போய்விடும், அங்கேதான் ஆபத்து. அடாப்டர் மேல் இருக்கிற சின்ன வட்டக் குறியைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

டிஜிட்டல் டிலே மற்ற பெடல்களைவிட அதிகக் கரண்ட் இழுக்கும், பேட்டரியில் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே அடாப்டரிலிருந்து வால் பிரித்து ஓவர்டிரைவுக்கும் டிஜிட்டல் டிலேக்கும் கொடுத்தால் சில நேரம் 'ங்ஙீ' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். வந்தால் ரெண்டுக்கும் தனித்தனி அடாப்டர்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்று: பெடலைப் போர்டில் ஒட்டுகிற வெல்க்ரோவின் பசை, வண்டி டிக்கியில் மே மாதம் வைத்தால் இளகி வழியும். கட்டுக் கம்பியோ டையோ போட்டு இறுக்குங்கள்.

ஆறுகம்பி_காட்பாடி

எல்லோருக்கும் நன்றி. மைக்செட் அண்ணா சொன்னது சுரீரென்று பட்டது, ஆனால் உண்மை. வீட்டு ஆம்பில் நன்றாகக் கேட்கிற ஓவர்டிரைவ் மேடையில் மட்டும் ஏன் கீறுகிறது என்று இத்தனை நாள் கிட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு சந்தேகம். டைம் எவ்வளவு வைப்பது என்பதற்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா? சர்ச்சில் நிறையப் பாட்டு 6/8, அதில் டிலே போட்டாலே தாளம் குழம்புகிற மாதிரி இருக்கிறது. அப்புறம், மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கினால் என் ஓவர்டிரைவ் பெடலை விற்றுவிடலாமா?

ஆம்பூர்_அல்லி

நானும் சர்ச் கிட்டார்தான் தம்பி, அதனால் 6/8 பற்றி நான் சொல்கிறேன்.

கணக்கு சுலபம். ஒரு நிமிடத்துக்கு 60,000 மில்லி செகண்ட், அதைப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம். 120 என்றால் 500, 100 என்றால் 600. இதை அப்படியே டிலே டைமாக வைத்தால் ரிப்பீட் அடுத்த பீட்டின் தலையில் விழும், நீங்கள் வாசிக்கிற ஸ்வரமும் அங்கேதான் விழும், ஒன்றையொன்று மறைக்கும். அதனால் முக்கால் பங்கு வைப்பார்கள், டாட்டட் எய்ட்த் என்பது அதுதான், 120க்கு 375, 100க்கு 450. யூ2 குழுவின் எட்ஜ் இதை வைத்தே தன் வாசிப்பைக் கட்டியவர். ஒரு பீட்டுக்கு ரெண்டு ஸ்வரம் என்று நேர் எட்டாக வாசித்தால் ரிப்பீட் இடைவெளிகளில் போய் விழுந்து ஓடுகிற மாதிரி ஒரு உணர்வு வரும்.

ஆனால் இது 4/4க்கு. 6/8இல் ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரிகிறது, அங்கே இந்த முக்கால் கணக்கு எதிலும் உட்காராது. உங்களுக்குத் தாளம் குழம்புவது அதனால்தான் என்று நினைக்கிறேன். 6/8இல் பீட்டை மூன்றால் வகுங்கள். நிமிடத்துக்கு 60 பீட் என்றால் ஒரு பீட் 1000, அதில் மூன்றில் ஒன்று 333, மூன்றில் ரெண்டு 667. மெதுவான ஆராதனைப் பாட்டுக்கு 667, ஒரே ரிப்பீட், மிக்ஸ் குறைவு, அழகாக இருக்கும். ஆர்ப்பெஜியோ (கார்டை ஒவ்வொரு ஸ்வரமாக) வாசித்தால் 333. சில பெடலில் டாப் டெம்போவுக்குப் பக்கத்தில் ட்ரிப்லெட் பிரிவைத் தேர்ந்தெடுக்கிற வசதி இருக்கும், வாங்கும்போது அது இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் பாட்டு நடுவில் யாரும் வகுத்தல் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, வாலாஜா அண்ணன் சொல்லாமல் விட்டது. பெடலை அணைக்கும்போது ரிப்பீட் சட்டென்று வெட்டுப்படுகிறதா, இல்லை தானாக அடங்குகிறதா என்று பாருங்கள். பிட்டு முடிந்து பாடகர் சரணம் எடுக்கும்போது வெட்டுப்பட்டால் அசிங்கமாகத் தெரியும். ட்ரெயில்ஸ் என்று போட்டிருப்பார்கள், ட்ரூ பைபாஸ் பெடலில் (அணைத்ததும் சிக்னல் உள்ளே போகாமல் நேராக வெளியே போவது) சாதாரணமாக இது இருக்காது. கடையில் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள், நாமே அணைத்துப் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை_ராகம்

அல்லி அக்கா சொன்ன 667க்கு கார்பன் காப்பி எட்டாது, 600தான். சரி, அந்தப் பாட்டுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

வாலாஜா_பழைய_பிளேயர்

ஓவர்டிரைவை விற்காதீர்கள் தம்பி. மல்டி எஃபெக்ட்ஸில் டிலேவும் கேபினெட்டும் நன்றாக இருக்கும், டிரைவ்கள்தான் விரலுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. உங்கள் பெடலை முன்னால் வையுங்கள், அது மல்டிக்குள் போகட்டும், உள்ளே சுத்தமான ஆம்ப் மாடல், கேபினெட், அதற்குப் பின்னால் டிலே. டிலே எப்போதும் டிரைவுக்குப் பின்னால்தான். முன்னால் வைத்தால் ரிப்பீட்டுகளும் சேர்ந்து உடைந்து கூழாகும். மைக்செட் தம்பி சொன்ன வழி எனக்கும் சரியாகப்படுகிறது. நான் ஆம்ப் தூக்கிக்கொண்டு போகிற தலைமுறை, அதனால் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னை போய்த்தான் பார்ப்பீர்கள் என்றால் அண்ணா சாலை மியூசி மியூசிகல் பக்கம் போங்கள், உங்கள் கிட்டாரையும் ஓவர்டிரைவையும் கையோடு எடுத்துக்கொண்டு. கடையில் இருக்கிற பெரிய ஆம்பில் மட்டும் வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பவர்டு ஸ்பீக்கரிலோ மிக்ஸரிலோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுதான் உங்கள் மேடை.

குடியாத்தம்_மைக்செட்

வாங்கியதும் மண்டபத்துக்கு ஒரு பேட்ச் (சேமித்து வைத்த செட்டிங்), மைதானத்துக்கு ஒரு பேட்ச் என்று வீட்டிலேயே சேவ் பண்ணி வையுங்கள், ரெண்டுக்கும் வால்யூம் ஒரே அளவில் இருக்கட்டும். சவுண்ட் செக்கில் ஒன்றைக் காட்டிவிட்டுப் பாட்டு நடுவில் ரெண்டு மடங்கு சத்தமான இன்னொன்றுக்குத் தாவினால் நான் உங்கள் ஃபேடரை இறக்கிவிடுவேன், அப்புறம் ஏற்ற மாட்டேன்.

ஆறுகம்பி_காட்பாடி

புரிந்தது அண்ணா :) வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் சென்னை போகிறேன். அல்லி அக்கா, ட்ரெயில்ஸும் ட்ரிப்லெட்டும் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டேன். எது கிடைத்தது என்று வந்து இங்கேயே எழுதுகிறேன்.